நாற்பத்தேழாம் பக்கத்துக் கறை

முதல் பிரதிகள் வந்து சேர்ந்தபோது அவள் ஒரு மழைக்கோட்டின் காலரை முகர்ந்துகொண்டிருந்தாள். ட்ரைகிளீனிங் கடையின் கவுன்ட்டரில் பதினோரு வருஷம் நின்றால் மூக்கும் ஒரு கண்ணாகிவிடும். காலரில் இருந்த பழுப்புத் திட்டு இருமல் மருந்து. கோட்டைக் கொடுத்தவர் "டீ சிந்திடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இருமல் மருந்தை மறைத்து என்ன ஆகப்போகிறது? கறை விஷயத்தில் மனிதர்கள் ஏன் இப்படிப் பொய் சொல்கிறார்கள் என்பது அவளுக்கு இன்றுவரை முழுதாகப் புரிந்ததில்லை. ஆனால் அந்தப் பொய்களைச் சேர்த்துச் சேர்த்துத்தான் அவள் ஒரு துப்பறியும் நாவலையே எழுதி முடித்திருந்தாள்.

"ரசீதக்கா, உங்க பேருக்குப் பார்சல்!"

இஸ்திரி மாஸ்டர் உள்ளேயிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ரசீது எழுதுகிறவள் என்பதால் கடையில் எல்லோருக்கும் அவள் ரசீதக்கா. மாஸ்டர் அவளைவிட ஆறு வருஷம் மூத்தவர், அவருக்கும் அக்காதான்.

துணிகளில் மாட்டும் அட்டையை வெட்டுகிற கத்தரிக்கோலால் பார்சலைப் பிரித்தாள். அவசரத்தில் கயிறு இரண்டு முறை நழுவியது. உள்ளே ஐந்து பிரதிகள். மேலே இருந்ததை எடுத்தாள். 'ஒரு போர்வை குறைகிறது.' அதற்குக் கீழே அவள் பெயர், முழுப் பெயர், ஒரு எழுத்துக்கூடக் குறையாமல். புத்தகத்தை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தாள். பசை, மை, புதுக் காகிதம். இதற்கு எந்த மருந்தும் வேண்டாம்.

"நெஜமாவே நீங்க எழுதினதா?" மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "மத்தியானம் சாப்பிட்டுட்டு உக்காந்து எழுதுவீங்களே, நான் என்னமோ லீவு லெட்டர் எழுதிப் பழகறீங்கன்னு நெனச்சேன்."

"ஒன்றரை வருஷமாவா?"

"பெரிய லீவா கேக்கப் போறீங்களோன்னுதான்."

அவள் சிரித்தாள். சும்மா இருந்தாலே சிரிப்பு வருகிற நாள் அது. கவுன்ட்டருக்கு வந்த ஒரு அம்மாளிடம் திரைச்சீலைக்குப் பதிலாகப் புத்தகத்தைச் சுற்றிக் கொடுக்கப் பார்த்து, அந்த அம்மாளே சொல்லித் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

கதை இதுதான். ஒரு தங்கும் விடுதி. அதன் முதலாளி திங்கட்கிழமை காலை செத்துக் கிடக்கிறார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவரை மாடி ஜன்னலில் பார்த்ததாகத் தெருவே சொல்கிறது. விடுதியில் சாவி மாட்டுகிற ஆணியில், வெள்ளிக்கிழமை தேதி போட்ட ஒரு சலவை ரசீது செருகியிருக்கிறது: 'வெள்ளைப் போர்வை 1. சிவப்புக் கரை.' அந்த விடுதியில் சிவப்புக் கரை போட்ட போர்வையே கிடையாது. அப்படியானால் வெளியாள் எவனோ சொந்தப் போர்வையோடு வந்து தங்கியிருக்கிறான் என்று போலீஸ் ஊரெல்லாம் அந்தப் போர்வையைத் தேடுகிறது. கடைசியில் உண்மையைக் கண்டுபிடிப்பது விடுதியில் விரிப்புகளை எண்ணி அடுக்குகிற பெண். ரசீது எழுதிய ஆளுக்கு ர, ற இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அவன் எழுத நினைத்தது துணியின் ஓரத்துக் கரையை இல்லை, துணியில் படிகிற கறையை. சிவப்புக் கறை என்றால் ரத்தம். வெள்ளிக்கிழமையே ரத்தம் என்றால், சனி ஞாயிறு ஜன்னலில் நின்றது யார்?

நூற்று நாற்பத்து நான்கு பக்கமும் அந்த ஒரே எழுத்தின் மேல் நின்றது. எழுத்தைக் கொடுத்தவர் மாஸ்டர். அவர் துணி அட்டைகளில் 'கரை போகவில்லை' என்றே எழுதுவார். ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் மேஜை விரிப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, "கரை எதுக்குப் போகணும்? அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று சண்டை பிடித்தார். அன்று மத்தியானம் அவள் சாப்பாட்டை மறந்து முதல் வரியை எழுதினாள்.

பதிப்பகத்துக்குக் கொடுப்பதற்கு முன் கையெழுத்துப் பிரதியைப் படித்தவர் அவள் கணவர் ஒருவர்தான். பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர். எதையும் இரண்டு முறை அளந்து பார்க்காமல் நம்பமாட்டார். எண்பதாம் தாளில் எழுந்து வந்து, "ஏம்மா, அந்தக் கரை போட்ட போர்வை யார் வீட்டுல இருக்குன்னு மட்டும் சொல்லிடு. மத்தத நான் பாத்துக்கறேன்" என்று கெஞ்சினார். முடிவைப் படித்த பிறகு ரசீது வருகிற தாளை மறுபடி எடுத்து, அந்த வரியை விரலால் தொட்டு, "இங்கேயேதான் இருந்துச்சா?" என்றார். அவள் அடைந்த சந்தோஷத்துக்கு அன்று எல்லையில்லை. முகம் தெரியாத யாரோ ஒருவர் அதே வரியைத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வந்து தொட்டுப் பார்க்க வேண்டும். புத்தகம் போட்டதே அதற்காகத்தான்.

எனவே பெயரையும் அட்டையையும் பார்த்து முடித்ததும் அவள் திருப்பியது நாற்பத்தேழாம் பக்கம். ஒன்பதாவது வரி.

'வெள்ளைப் போர்வை 1. சிவப்புக் கறை.'

ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். மற்ற நான்கு பிரதிகளையும் திறந்து பார்த்தாள். ஐந்திலும் கறை. பெரிய ற, கால் நீட்டி உட்கார்ந்திருந்தது.

"என்னக்கா, முகம் இப்படி வெளுத்துடுச்சு?"

அவள் சொன்னாள். மாஸ்டருக்குப் புரிய இரண்டு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் அவர் முகத்தில் வந்தது வருத்தம் இல்லை.

"அப்ப நான் எழுதறதுதான் சரின்னு சொல்றீங்க."

"மாஸ்டர்!"

"இல்ல, ஒரு பேச்சுக்கு. இங்க குடுங்க. கறைய எடுக்கற கடையில நின்னுக்கிட்டு கறைக்கு அழுவாங்களா?"

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. மை எடுக்கிற திரவத்தைப் பஞ்சு சுற்றிய குச்சியில் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ற-வின் வால்மேல் வைத்தார். வால் அசையவில்லை. எழுத்தைச் சுற்றி மட்டும் மஞ்சளாக ஒரு வட்டம் மெல்லப் பரவி, பின்பக்கத்துக்கும் ஊறி, சுண்டைக்காய் அளவில் நின்றது. கறை என்ற சொல்லின் மேல் இப்போது நிஜமாகவே கறை.

"துணின்னா போயிருக்கும்," என்றார் மாஸ்டர்.

அவள் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு ஓடினாள்.

பதிப்பகம் இரண்டு தெரு தள்ளி. முன்பக்கம் புத்தகக் கடை, பின்பக்கம் ஒரு அறை. அறையில் மேஜைகளைவிடப் பிரதிக் கட்டுகள் அதிகம். உட்கார வேண்டுமானால் எதையாவது நகர்த்த வேண்டும். முந்நூறு பிரதிகள் கட்டுக்கட்டாகச் சுவரோரம் அடுக்கியிருந்தன. பதிப்பாளர் எப்போதும் வாயில் மிட்டாய் ஒன்றை உருட்டிக்கொண்டிருப்பவர். அவளைப் பார்த்ததும் எழுந்து கை தட்டினார்.

"வாங்க எழுத்தாளரே! எப்படி வந்திருக்கு? அட்டை பளிச்சுன்னு இல்ல?"

அவள் நாற்பத்தேழாம் பக்கத்தைத் திறந்து மேஜைமேல் வைத்தாள். அவர் படித்தார். மிட்டாய் உருள்வது நின்றது. அவர் கதையை முழுதாகப் படித்தவர், விளக்க வேண்டியிருக்கவில்லை.

"புள்ளி!" என்று கூப்பிட்டார். "புள்ளி சார், கொஞ்சம் இப்படி வாங்க."

மூலை மேஜையிலிருந்து ஒல்லியாக ஒரு மனிதர் எழுந்தார். புரூஃப் பார்ப்பவர். மெய்யெழுத்தின் தலையில் ஒரு புள்ளி குறைந்தாலும் கண்டுபிடிப்பார் என்பதால் புள்ளி. ஐம்பது வயது இருக்கும். சட்டையின் வலது கைவிளிம்பு முழுக்கச் சிவப்பு மைப் பொட்டுகள்; அந்தச் சட்டை வருஷக்கணக்காக எந்தக் கடைக்கும் போனதில்லை என்று அவளுடைய கண், வேண்டாத நேரத்திலும், குறித்துக்கொண்டது.

அவர் வரியைப் பார்த்தார். "சரியாத்தானே இருக்கு?"

"அதாங்க தப்பு," என்றாள் அவள். "நான் கரைன்னு எழுதியிருந்தேன்."

"ஆமா, எழுதியிருந்தீங்க. கடைசிப் புரூஃப்ல திருத்தினேன். சலவை ரசீது. வெள்ளைப் போர்வை. கடைக்காரன் வேற என்னத்தக் குறிப்பான்? கறையைத்தான் குறிப்பான். எவனோ ரகரம் ஆக்கிட்டான்னு தெரிஞ்சது."



"சார்," என்றாள் அவள், "என் கதையில ஒருத்தி அதக் கண்டுபிடிக்க நூத்தி முப்பது பக்கம் ஆகுது. நீங்க ஒரே வரியில கண்டுபிடிச்சிட்டீங்க."

பதிப்பாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புள்ளிக்கு வரவில்லை. "எனக்குக் கதை தெரியாதும்மா," என்றார். "நான் ஒவ்வொரு பக்கத்தையும் அடி வரியிலேருந்து மேல படிச்சுட்டுப் போவேன். கதைக்குள்ள போயிட்டா எழுத்து கண்ணுல படாது. இருபத்தாறு வருஷமா அப்படித்தான்."

"கடைசிப் புரூஃப் உங்களுக்கும் வந்துதே," என்று பதிப்பாளர் அவளைப் பார்த்தார். "நீங்களும் ஓகேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

உண்மை. அந்தப் புரூஃப் வந்த நாளில் அவள் முதல் தாளில் அச்சான தன் பெயரைப் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, மிச்சத்தைப் புரட்டக்கூட இல்லாமல் கையெழுத்துப் போட்டிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். திட்டுவதற்கு ஆள் இல்லாமல் போனது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு முன்கடையில் வெளியீடு. அன்று புதன். திரும்ப அச்சடிக்க முடியாது. பைண்டிங் முடிந்துவிட்டது, அச்சகத்தில் அடுத்த பத்து நாளைக்கு வேறு வேலை.

"பிழைத்திருத்தச் சீட்டு வெச்சிடலாம்," என்றார் பதிப்பாளர். "சின்னத் துண்டுக் காகிதம். பக்கம் 47, வரி 9, கறை என்பதைக் கரை என்று படிக்கவும். முடிஞ்சுது."

"முடிஞ்சுதுதான்," என்றாள் அவள். "புத்தகத்தைத் திறந்ததும் கையில விழற சீட்டுல, அந்த ஒரே வார்த்தை. அதுக்கு நான் கொலைகாரன் போட்டோவ அட்டையிலயே போட்டிருக்கலாம்."

மிட்டாய் மறுபடி உருள ஆரம்பித்தது. புள்ளி சுவரைப் பார்த்தபடி நின்றார். சீட்டு வைக்காவிட்டால் துப்பு நாற்பத்தேழிலேயே செத்துவிடும். போலீஸ் தேடுகிற கரை போட்ட போர்வை எங்கிருந்து முளைத்தது என்று படிக்கிறவர் குழம்புவார். வைத்தால் படிப்பதற்கு முன்பே எல்லாம் தெரிந்துவிடும். அவள் ஒரு கட்டின்மேல் உட்கார்ந்தாள். தன் கதையில் வருகிறவளாக இருந்தால் இந்த இடத்தில் என்ன செய்வாள் என்று யோசித்தாள். அந்தப் பெண் போர்வைகளை எண்ணுவாள். ஒன்று குறைந்தால் பளிச்சென்று தெரியும். ஒன்று கூடினால்? நூறு போர்வை அடுக்கிய அலமாரியில் ஒன்று கூடினால் யாருக்குத் தெரியும்?

சட்டென்று எழுந்தாள். கட்டு சரிந்தது.

"சார், ஒரு பிழை இருந்தாத்தானே கண்ணுல படும்? பன்னெண்டு இருந்தா?"

பதிப்பாளர் வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்தார். பிறகு மேஜையை ஓங்கித் தட்டினார். "அடடா! சீட்டு முழுக்கப் பிழை! நடுவுல நம்ம ஆளு ஒளிஞ்சுக்கறான்! நீங்க நெஜமாவே துப்பறியும் எழுத்தாளர்தான், ஒத்துக்கறேன்."

"நான் ஒத்துக்க மாட்டேன்," என்றார் புள்ளி.

இருவரும் திரும்பினார்கள்.

"என் கை பட்ட எந்தப் புத்தகத்துலயும் இதுவரைக்கும் சீட்டு வெச்சதில்ல. ஒண்ணு வைக்கணும்னா வைங்க, அது நான் பண்ணினது. இல்லாத பதினொண்ண இருக்குன்னு எழுதச் சொன்னா எப்படி? சரியா இருக்கற வார்த்தையத் தப்புன்னு அச்சடிக்கறதா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் சிவப்புப் பேனாவைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. கடையில் ஒருவர் கல்யாணக் கோட்டைக் கொடுத்து "கறை எதுவும் இல்லீங்க" என்று சொன்னால், இருந்தாலும் இல்லை என்றே ரசீதில் எழுதச் சொன்னால், அவள் எழுதமாட்டாள். இந்த மனிதரின் கஷ்டம் அவளுக்குத் தெரியாததில்லை.

"இல்லாதத வேணாம் சார்," என்றாள் கடைசியில். "இருக்கறதத் தேடுவோம். மறுபடியும் ஒருதடவ படிச்சுப் பாக்கறீங்களா? இந்தத் தடவ மேலேருந்து கீழ. கதையா."

"கதையாவா?" கெட்ட வார்த்தையைக் கேட்டதுபோல முகம் சுளித்தார். ஆனாலும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனார்.

அப்போது மணி ஒன்று. அவள் எதிர்நாற்காலியில் உட்கார்ந்து அவரையே பார்த்தாள். தன் புத்தகத்தை ஒரு மனிதர் படிப்பதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. வீட்டில் கணவர் படித்தபோது அவள் வெட்கப்பட்டுச் சமையலறையிலேயே நின்றுவிட்டாள். இங்கே போக இடமில்லை. புள்ளி முதல் பத்துப் பக்கம் பேனாவை நிமிர்த்திப் பிடித்திருந்தார். இருபதாவது பக்கத்தில் பேனா மேஜையில் படுத்துக்கொண்டது. பதிப்பாளர் டீ கொண்டுவந்து வைத்தார். அதில் ஆடை படிந்தது. போலீஸ்காரர்கள் விடுதிக்குள் நுழைகிற இடமாக இருக்க வேண்டும், அவர் காலை மடித்துக் கட்டின்மேல் போட்டுக்கொண்டார். அறையில் மின்விசிறியின் ஓசையும் பக்கம் திரும்புகிற ஓசையும் தவிர எதுவுமில்லை. பக்கம் திரும்புகிற வேகம் கூடிக்கொண்டே போனது. ஒவ்வொரு திருப்பலுக்கும் அவளுக்கு எழுந்து ஒரு ஆட்டம் போடலாம்போல இருந்தது. அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

நாலரை மணிக்கு அவர் புத்தகத்தை மூடினார். மூடியதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"எத்தன கெடச்சுது?" என்றார் பதிப்பாளர்.

புள்ளி பேனாவை எடுத்தார், வைத்தார். வெள்ளைத் தாளைப் பார்த்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"என்ன சார்?"

"பிழை பாக்க மறந்துட்டேன்," என்றார் மெதுவாக. "விடுதி முதலாளியோட மருமகன் மாடி ஏறிப் போறான் இல்ல, அங்கேருந்தே மறந்துட்டேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னாளில் யாராவது அவளைப் புகழ்ந்தாலும் இதைவிடப் பெரிதாக எதையும் சொல்லிவிட முடியாது என்று அந்த நிமிஷமே தெரிந்தது.

"முடிவு தெரிஞ்சுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரிஞ்சுதான். தெரிஞ்சும் அந்தப் போர்வையத் தேடினேன்." அவர் நிமிர்ந்தார். "இத ஒருத்தன் தெரியாமப் படிக்கணும்மா. நாளைக்கு வாங்க. சீட்டு போடுவோம்."

மறுநாள் அவள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்தபோது, புள்ளி தன் பழைய வழக்கப்படி அடி வரியிலிருந்து மேலே படித்து முடித்திருந்தார். தாளில் நான்கு வரிகள். இருபத்தொன்பதாம் பக்கத்தில் 'அறை கதவு'. நடுவில் க் இல்லை. அறுபத்துமூன்றில் ஒரு முற்றுப்புள்ளி காணோம். நூற்றுப்பத்தொன்பதில் ஒரு சொல் இரண்டு தடவை. எண்பத்தெட்டில் 'முயற்ச்சி.' அந்த ச்-மேல் அவர் விரல் வெகுநேரம் இருந்தது.

"இத எப்படி விட்டேன்?" என்றார். அவளிடம் கேட்கவில்லை.

"எட்டு இன்னும் வேணுமே," என்றார் பதிப்பாளர். "நாற்பத்தேழச் சேத்தா ஏழு. சீட்டு பக்க வரிசையிலதான் போகணும். நாற்பத்தேழுக்கு முன்னயும் பின்னயும் ஒட்டினாப்புல ரெண்டு இல்லேன்னா தனியா நிக்கும்."

அவள் தன் கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவந்திருந்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாற்பத்தாறைத் திறந்தாள். அதில் விடுதிக் காவலாளி பேசுகிறான். தன் தாளில் அவன் 'எனக்கொண்ணும் தெரியாதுங்க' என்று சொல்கிறான். அச்சில் 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்கிறான்.

"இது?" என்று காட்டினாள்.

"அது திருத்தினது."

"அவன் அப்படிப் பேசமாட்டான் சார். அவன் பயந்துபோயிருக்கான். அந்த 'ங்க' போனா பயம் போயிடும்."

புள்ளி இரண்டு வரிகளையும் மாறி மாறிப் பார்த்தார். உதடு அசைந்தது, காவலாளியின் குரலில் சொல்லிப் பார்க்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. ஒருதடவை, இரண்டு தடவை. அவள் காத்திருந்தாள். தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே போய் ஓய்ந்தது.

"பேச்ச நான் தொடறதில்லன்னுதான் நெனச்சிட்டிருந்தேன்," என்றார். "கை தானாப் போயிருக்கு."

சிவப்புப் பேனாவை எடுத்து, 'பக்கம் 46' என்று தன் கையால் எழுதினார்.

அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. நாற்பத்துநான்கில் தோட்டக்காரன் 'சுவத்துல' என்றதைச் 'சுவரில்' ஆக்கியிருந்தார். நாற்பத்தொன்பதில் சமையல்காரியின் 'பதட்டமா இருந்துச்சு' 'பதற்றமாக இருந்தது' ஆகியிருந்தது. "ஐயோ, இவளும் மாட்டினா!" என்று அவரே தொடையைத் தட்டினார். பன்னிரண்டு, எழுபத்தேழு, நூற்றொன்று, நூற்றுமுப்பது. ஒவ்வொன்றுக்கும் அவள் குதித்தாள், அவர் எழுதினார், பதிப்பாளர் எண்ணினார். யாராவது ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தால், ஒரு புத்தகத்தில் இத்தனை பிழை இருப்பதற்கு மூன்று பெரியவர்கள் ஏன் இப்படிக் கும்மாளம் போடுகிறார்கள் என்று மிரண்டிருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை சீட்டு அச்சானது. சனிக்கிழமை காலை அவள், கணவர், பதிப்பாளர், புள்ளி, ஒரு மணி நேரம் விடுப்பு வாங்கி வந்த இஸ்திரி மாஸ்டர் என்று ஐந்து பேர் உட்கார்ந்து முந்நூறு பிரதிகளில் செருகினார்கள். கணவர் ஒவ்வொரு சீட்டும் ஒரே அளவு வெளியே நீட்டுகிறதா என்று விரலால் அளந்தார். மாஸ்டர் சீட்டை உரக்கப் படித்தார். ஐந்தாவது வரியில், "கறை என்பதைக் கரை என்று படிக்கவும். பாத்தீங்களா? அச்சுல வந்துடுச்சு. இனிமே யாரும் என்னை ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார்.

"கடைசி வரைக்கும் வாயத் தெறக்காதீங்க மாஸ்டர்," என்றாள் அவள்.

"என் வாய்க்கு இஸ்திரி போட்டாச்சு."

ஐந்து மணிக்கு முன்கடையில் முப்பது பேர்போல வந்திருந்தார்கள். பதிப்பாளர் நான்கு வார்த்தை பேசினார். அவள் பேச எழுந்து, "நன்றி" என்று சொல்லி, அடுத்த வார்த்தை வராமல் உட்கார்ந்துவிட்டாள். எல்லோரும் கை தட்டினார்கள். விற்பனை தொடங்கியது. அவள் கண் முகங்களைப் பார்க்கவில்லை, சட்டைகளைப் பார்த்தது. அது அவள் பழக்கம். காபி, எண்ணெய், குழந்தையின் எச்சில், சைக்கிள் கிரீஸ். வரிசையில் மூன்றாவதாக நின்றவரின் வலது மணிக்கட்டில் சாக்பீஸ் தூள். சட்டைப் பையின் அடியில் சிவப்பு மை கசிந்த பொட்டு. வாத்தியார். சனிக்கிழமையும் வகுப்பு எடுக்கிறவர்.

வாத்தியார் புத்தகத்தை வாங்கினார். திறந்தார். சீட்டு கையில் விழுந்தது. அதைப் படித்தார். புருவம் ஏறியது. ஜன்னலோரம் இருந்த முக்காலியில் போய் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"சார்," என்று அவள் புள்ளியின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "அங்க பாருங்க. அவரு படிக்கறதுக்கு முன்னாடியே திருத்தப் போறாரு."

"எல்லாத்தையுமா?"

"ஒவ்வொண்ணா."

இருவரும் அகராதி அடுக்குக்குப் பின்னால் நின்று, இடைவெளி வழியாகப் பார்த்தார்கள். பன்னிரண்டாம் பக்கம். பென்சில் ஒரு கோடு போட்டது, மேலே எழுதியது. இருபத்தொன்பது. க் சேர்த்தார், சரியான இடத்தில், அழகாக. நாற்பத்துநான்கு. தோட்டக்காரனைப் பழையபடி பேச வைத்தார். நாற்பத்தாறு. 'ங்க' வந்தது. கணவர் எங்கிருந்தோ, "இங்க ஒருத்தர் கையெழுத்து கேக்கறாரும்மா" என்று கூப்பிட்டார். அவளால் நகர முடியவில்லை.

நாற்பத்தேழு.

பென்சில் இறங்கவில்லை. வாத்தியார் சீட்டைப் பார்த்தார். பக்கத்தைப் பார்த்தார். மறுபடி சீட்டு. ஒன்பதாவது வரியில் பென்சில் முனையை வைத்து, உதட்டை அசைத்துப் படித்தார். அவள் விரல்கள் புள்ளியின் கையை இறுக்கின. அவரும் விலக்கிக்கொள்ளவில்லை. வாத்தியார் தலையை ஒருபக்கம் சாய்த்தார். அந்தத் தலைக்குள் என்ன ஓடுகிறதென்று தெரிந்துகொள்ள அவள் எதையும் கொடுப்பாள். பிறகு அவர் ற-வை ஒரு கோட்டால் அடித்தார், மேலே ர என்று எழுதினார், உச்சுக்கொட்டிக்கொண்டு பக்கத்தைத் திருப்பினார்.

நாற்பத்தொன்பது. அறுபத்துமூன்று.

"தாண்டிட்டாரு," என்றார் புள்ளி, காற்று மட்டும் வருகிற குரலில்.

பன்னிரண்டையும் முடித்துவிட்டு வாத்தியார் எழுந்தார். நேராக மேஜைக்கு வந்தார். அவள் ஓடிப்போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். அவர் புத்தகத்தை நீட்டினார், கையெழுத்துக்காக. ஆனால் முகம் வகுப்பறை முகமாகவே இருந்தது.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. முதல் புத்தகம்னு சொன்னாங்க. ஆனா இவ்வளவு பிழை ஆகாது. முயற்சிக்கு நடுவுல யாராவது ச் போடுவாங்களா? நாற்பத்தேழாம் பக்கத்துல பாருங்க, போர்வையோட கரைக்குப் போய்க் கறைன்னு பெரிய ற போட்டு வெச்சிருக்காங்க. அர்த்தமே மாறிடாதா? இதுக்குப் புரூஃப் பாத்த புண்ணியவான் யாரு?"

அவள் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். சிரிப்பு தொண்டை வரை வந்து முட்டியது. வாயைத் திறந்தால் எல்லாம் கொட்டிவிடும்.

பின்னாலிருந்து புள்ளி முன்னே வந்தார். மைப் பொட்டு வைத்த சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, பரிசு வாங்க மேடைக்குக் கூப்பிட்டவர்போல நிமிர்ந்து நின்றார்.

"நான்தாங்க," என்றார்.